மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண்ணெய்?

பிற மாநிலங்களில் தொழில் நிமித்தம் குடியேறி வாழும் தமிழன்பர்களுள் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. அன்றாடப் பிழைப்புக்கு உற்ற துணை. மும்பையில் வீட்டுக்கு வீடு பொருள்களைக் கொண்டு சேர்க்கும் இளைஞரும், டில்லியில் நெடுந்தொலைவிலுள்ள அலுவலகத்திற்குச் செல்லும் குமாஸ்தாவும், பெங்களூரில் இரவு முறை வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளரும் அதனையே நம்பியுள்ளனர். அவ்வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய ஊதியமும் நின்றுவிடக் கூடும். எனவே அதன் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றிச் சிறிது சிந்திப்பது வீண் வேலை ஆகாது.

எண்ணெய் மாற்றுவதற்காகப் பட்டறைக்குச் சென்றால், ‘சாதாரண ஆயில் போதுமா, சிந்தெடிக் ஆயில் ஊற்றட்டுமா?’ என்று மிஸ்திரி வினவுகிறார். பின்னதன் விலை முன்னதைப் போல் ஏறக்குறைய இரு மடங்காகவும் இருக்கலாம். விலை மிகுந்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணிச் சிலர் அதனை ஏற்கின்றனர். வியாபாரத் தந்திரம் என்று எண்ணிச் சிலர் அதனை மறுக்கின்றனர். இவ்விரு தரத்தாரும் எண்ணெயின் பெயரைக் கொண்டு முடிவு செய்கிறார்களேயன்றி, அதன் குணத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. குணத்தை அறிவதற்கோ எண்ணெய்ப் புட்டியின் மேலேயே சில குறிகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், எஞ்சினில் எண்ணெய் செய்யும் வேலை யாது என்று பார்ப்போம். ஒன்றோடொன்று உராயும் உலோகப் பாகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைப்பது அதன் தலையாய பணி. எஞ்சினில் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியை ஏந்திச் செல்வதும், கரியையும் அழுக்கையும் தன்னுள் கரைத்து வைத்துக்கொண்டு பாகங்களில் படியாமல் தடுப்பதும், துருவினின்று காப்பதும் அதன் பிற பணிகளாம்.

இவையெல்லாம் மோட்டார் காருக்கும் பொருந்தும். ஆயின் மோட்டார் சைக்கிளில் எண்ணெய்க்கு மேலும் இரண்டு பொறுப்புகள் உண்டு. காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். நம் நாட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர்ப் பெட்டி, கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் போன்ற சில வண்டிகளில் மட்டும் கியர்ப் பெட்டி தனியே அமைந்திருந்தது. கியர்களின் பற்கள் ஒன்றையொன்று நெருக்கும்பொழுது, எண்ணெயைக் கெட்டியாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட நீண்ட மூலக்கூறுகள் நறுக்கப்படுகின்றன. நாளடைவில் எண்ணெய் நீர்த்துப் போகின்றது. இது முதற் சங்கடம்.

இரண்டாவது சங்கடம் கிளட்சைப் பற்றியது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் நனைந்தவாறே இயங்குகின்றன. எண்ணெயில் நனைந்திருந்தும் அவை ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் எஞ்சினின் சக்தி சக்கரத்தைச் சென்று அடையும். அதாவது, பிஸ்டன் இயங்கும் இடத்தில் வழுக்க வேண்டிய அதே எண்ணெய், கிளட்ச் தகடுகளுக்கிடையே வழுக்கிவிடலாகாது. ஒன்றற்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றும் வண்ணம் தயாரிக்கப்பட்டதே மோட்டார் சைக்கிள் எண்ணெய்.

கார்களுக்கெனத் தயாரிக்கப்படும் எண்ணெய்கள் சிலவற்றில், பெட்ரோல் செலவைக் குறைப்பதற்காக உராய்வை மேலும் தணிக்கும் இரசாயனப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு நன்மை செய்யும் அப்பொருள்களே மோட்டார் சைக்கிளின் கிளட்சை வழுக்கச் செய்யக் கூடும். அப்பொழுது கைப்பிடியைத் திருகினால் எஞ்சின் இரைகிறது; வண்டியின் வேகமோ அதற்கேற்ப உயர்வதில்லை. சுமையேற்றி மேட்டில் ஏறும்பொழுது இக்குறை நன்கு புலப்படும். கவனியாது விட்டால் தகடுகள் கருகிப் போகும். விலையுயர்ந்த கார் எண்ணெயை வாங்கி ஊற்றியவருக்கு எண்ணெய்ச் செலவோடு கிளட்ச் செலவும் சேர்ந்துவிடும். அந்த எண்ணெய் உயர்ந்த ரகச் சிந்தெடிக்காகவே இருந்தாலும் இத்தீங்கு நேரலாம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனிச் சிந்தெடிக் என்பதன் பொருளைக் காண்போம். பூமியினின்று எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து பெறுவது மினரல் எண்ணெய். அதில் பலவகை அளவும் வடிவமும் கொண்ட மூலக்கூறுகள் கலந்திருக்கும். நொய்யும் குருணையும் முழு அரிசியும் கலந்த அரிசியோடு அதனை ஒப்பிடலாம். இலேசான மூலக்கூறுகள் வெப்பத்தில் ஆவியாகிப் போகும். மெழுகுத் தன்மை கொண்டவை குளிரில் உறைய முற்படும். சிந்தெடிக் எண்ணெயோ, ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள மூலக்கூறுகளை இரசாயன முறையில் ஆக்கிப் பெறுவது. சலித்தெடுத்த முழு அரிசியைப் போன்றது. அதனால் அது கடுங்குளிரிலும் எளிதில் ஓடும். கடும் வெப்பத்தில் விரைவில் ஆவியாகாது. காற்றோடு கலந்து கெட்டுப்போவதும் குறைவு.

எண்ணெய்த் தொழிலில் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துள்ளனர். முதல் இரண்டும் மினரல் எண்ணெய்கள். மூன்றாவது, கச்சா எண்ணெயினின்றே பெற்று, மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, மூலக்கூறுகளையே மாற்றி அமைத்த எண்ணெய். நான்காவது, சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்துச் செயற்கையாக ஆக்கியது. எஸ்டர் முதலிய பிற வகைகள் ஐந்தாவது தொகுதியில் அடங்கும். மூன்றாந் தொகுதி எண்ணெயைச் சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்ற வழக்கு அமெரிக்காவில் விளம்பரங்களை ஆராயும் ஓர் அமைப்பின் முன் வந்தது. 1999ஆம் ஆண்டில், அழைக்கலாம் என்றே அவ்வமைப்பு முடிவு கூறிற்று. ஆகவே, சிந்தெடிக் என்னும் சொல் இன்று ஒரே பொருளைக் குறிப்பதன்று. செமி-சிந்தெடிக் என்பதோ இரு வகைகளையும் கலந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் புட்டியில் குறிக்கப்படுவதில்லை. இச்சொற்களை மட்டும் நம்பி எண்ணெயைத் தேர்வது, அட்டையைப் பார்த்துப் புத்தகத்தை மதிப்பிடுவது போலாகும்.

அவ்வாறாயின் எவற்றைப் பார்க்க வேண்டும்? மூன்று குறிகளைப் பார்க்க வேண்டும்.

முதற் குறி பாகுத்தன்மை, அதாவது எண்ணெயின் கெட்டித் தன்மை. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று அச்சிட்டிருப்பது இதுவே. டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் எவ்வளவு சிறிதோ, அவ்வளவு கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழ் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய பின் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுவது. 100 டிகிரி வெப்பத்தில் 30 என்னும் தரம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 50 என்னும் தரம் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக் வரையிலும் இருத்தல் வேண்டும். மினரலாயினும் சிந்தெடிக்காயினும் ஒரே எண்ணைத் தாங்கிய எண்ணெய்கள் இந்த ஒரே வரம்புக்குள் அடங்கியாக வேண்டும். எனவே, சிந்தெடிக் எண்ணெய் நீர்த்தது என்று சிலர் கொண்டுள்ள அபிப்பிராயம் சரியன்று.

இரண்டாங் குறி, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறி. அதனை ஏ.பி.ஐ. என்று குறிப்பார்கள். எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் தரங்கள் பெட்ரோல் எஞ்சினுக்கு உரியவை. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் எவ்வளவு பிந்தியதோ, அத்தரம் அவ்வளவு புதியது. எஸ்.எல். 2001ஆம் ஆண்டிலும், எஸ்.என். 2010ஆம் ஆண்டிலும், எஸ்.பி. 2020ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. வண்டியின் கையேடு எஸ்.எல். என்று கூறினால், அதுவோ அதற்குப் பிந்தியதோ போதும், முந்தியது ஆகாது.

மூன்றாங் குறியே மோட்டார் சைக்கிளுக்கு மிகவும் இன்றியமையாதது. ஜாஸோ என்று வழங்கும் ஜப்பானியத் தர அமைப்பு, நனைந்த கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய் எது என்பதை வரையறுத்து 1998ஆம் ஆண்டில் வெளியிட்டது. கிளட்ச் நன்கு பற்றும் எண்ணெய்க்கு எம்.ஏ. என்றும், உராய்வு குறைந்த எண்ணெய்க்கு எம்.பி. என்றும் பெயரிட்டது. 2006ஆம் ஆண்டில் எம்.ஏ. என்பதனையே எம்.ஏ.1, எம்.ஏ.2 என இரண்டாகப் பிரித்தனர், இவற்றுள் எம்.ஏ.2 கிளட்சுக்கு மிகுந்த பிடிப்பைத் தருவது. கியர் மாற்ற வேண்டாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை. ஆகையால் அவற்றுக்கு எம்.பி. ஏற்றது. மோட்டார் சைக்கிளுக்கோ, கையேடு வெளிப்படையாக எம்.பி. என்று கூறினாலன்றி, எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியுள்ள எண்ணெயையே வாங்குதல் வேண்டும். இக்குறி இல்லாத எண்ணெய் எத்துணை விலையுயர்ந்ததாயினும் அதனைத் தவிர்ப்பதே நலம்.

இம்மூன்று குறிகளும் வண்டியோடு தரப்படும் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 100 முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30 என்ற தரமும், ராயல் என்பீல்டின் 350 சி.சி. வண்டிகளுக்கு 15டபிள்யூ-50 என்ற தரமும் கூறப்பட்டுள்ளன. ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு அமைப்பு மாறக்கூடுமாதலால், அவரவர் வண்டியின் கையேட்டைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும். கையேடு தொலைந்துவிட்டால், அதனைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

நிற்க. சொந்த ஊரில் ஓட்டிய வண்டியை வேற்று மாநிலத்திற்குக் கொண்டு சென்றால், அங்குள்ள தட்பவெப்பத்திற்காக எண்ணெயை மாற்ற வேண்டுமா என்பது பலருக்கு எழும் ஐயம். டில்லியில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை 4, 5 டிகிரிக்கு இறங்குவதுண்டு. அது நமக்குக் கடுங்குளிராயினும் 10டபிள்யூ எண்ணெய்க்கு ஒரு பொருட்டன்று. 20டபிள்யூ எண்ணெய் அந்நேரத்தில் சற்று மெதுவாக ஓடுமாதலால், வண்டியைக் கிளப்பியவுடன் எஞ்சினை இரையவிடாமல், முதல் சில நிமிஷங்கள் நிதானமாகச் செலுத்தினால் போதும். லடாக்கில் உள்ள லே நகரிலோ குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 15 டிகிரிக்கும் அப்பால் செல்வதுண்டு. அத்தகைய இடங்களில் பணி புரிவோருக்கு, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள், டபிள்யூவுக்கு முன் சிறிய எண் கொண்ட சிந்தெடிக் எண்ணெய் மெய்யாகவே பயன் தரும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். ராஜஸ்தானத்தைச் சேர்ந்த பலோடியில் 2016ஆம் ஆண்டு மே மாதம் 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய கோடையிலும் எஞ்சினை மிகுதியாக வருத்துவது ஊரின் வெப்பம் மட்டுமன்று. வண்டி நகராமல் நிற்பதும் ஆகும். காற்றினால் குளிரும் எஞ்சினுக்கு வண்டி ஓடினால்தான் காற்று கிடைக்கும். மும்பையிலும் பெங்களூரிலும் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டி, நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியைக் காட்டிலும் எண்ணெயை அதிகமாகச் சோதிக்கிறது. நாள் முழுவதும் இவ்வாறு நின்று நின்று ஓட்டுவோருக்கு, வெப்பத்தைத் தாங்கும் சிந்தெடிக் எண்ணெய் உதவும் என்பதில் ஐயமில்லை.

இதற்கு மாறாக, வீட்டினின்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்திற்கு மட்டும் வண்டியைப் பயன்படுத்துவோரும் உளர். அவர்களுடைய எஞ்சின் முழுச் சூட்டை அடையுமுன்பே நின்றுவிடுகின்றது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. இக்குறையைச் சிந்தெடிக் எண்ணெய் போக்காது. உரிய காலத்தில் எண்ணெயை மாற்றுவதே போக்கும். கையேடுகள் கிலோமீட்டர் கணக்கோடு மாதக் கணக்கும் கூறுவதன் காரணம் இதுவே. இரண்டில் எது முந்துகிறதோ அப்பொழுது மாற்ற வேண்டும்.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். கணக்கிற்காக, ஒரு லிட்டர் மினரல் எண்ணெயின் விலை 400 ரூபாய் என்றும், சிந்தெடிக்கின் விலை 800 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னதை 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால், 12,000 கிலோமீட்டருக்கு 1,600 ரூபாய் ஆகும். பின்னதை 6,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினாலும் அதே 1,600 ரூபாய்தான். ஆனால் 6,000 கிலோமீட்டர் வரை செல்லலாம் என்று வண்டியின் கையேடு கூறியிருத்தல் வேண்டும். எண்ணெய்ப் புட்டியில் எவ்வளவு அச்சிட்டிருந்தாலும், உத்தரவாதக் காலத்தில் கையேடு கூறும் தவணையை மீறுவது பாதுகாப்பன்று. தவணை 3,000 கிலோமீட்டரே எனில், சிந்தெடிக் ஊற்றுவோருக்கு 3,200 ரூபாய் செலவாகும். அந்த 1,600 ரூபாய் மிகுதிக்கு ஈடான பயன் உண்டா என்பதை அவரவர் ஓட்டும் முறையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

நம் கருத்து இதுதான். கையேடே சிந்தெடிக் வேண்டும் என்று கூறினால், மறுபேச்சின்றி அதனையே ஊற்றுக. வேகம் மிகுந்த, நீரினால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நெரிசலில் ஓட்டுவோரும், பனிமலைப் பகுதிகளில் வாழ்வோரும், கையேடு குறித்த தரத்திலேயே சிந்தெடிக்கையோ செமி-சிந்தெடிக்கையோ வாங்குவது தக்கது. அளவாக ஓட்டப்படும் 100 சி.சி. வண்டிக்கு, சரியான குறிகளுள்ள சாதாரண எண்ணெயைத் தவறாமல் மாற்றி வந்தாலே போதுமானது. காலந்தவறி ஊற்றும் உயர்ந்த எண்ணெயைவிடக் காலத்தில் ஊற்றும் சாதாரண எண்ணெய் எஞ்சினுக்கு நன்மை செய்யும். தேய்ந்து போய் நீலப் புகை கக்கும் எஞ்சினை எந்த எண்ணெயும் புதுப்பித்துவிடாது. அதற்கு வேண்டுவது பழுது பார்த்தல்.

வாங்கும் முறையிலும் கவனம் வேண்டும். போலி எண்ணெய் விற்கப்படுவதுண்டாகையால், முத்திரை உடையாத புட்டியை நம்பிக்கையான கடையில் ரசீதுடன் வாங்கி, நம் கண்முன்னே திறந்து ஊற்றச் செய்ய வேண்டும். காலிப் புட்டியை அப்படியே பட்டறையில் விட்டு வராமல் துளையிட்டு விடுவது நலம். இல்லையேல் அது மீண்டும் நிரப்பப்பட்டு வேறொருவரிடம் விற்கப்படலாம். கழித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றலாகாது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவாகும். பழைய எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் பட்டறையிலேயே அதனை ஒப்படைக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை, வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷங்கள் சென்ற பின் எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அழுக்கைத் தன்னுள் ஏந்தியிருக்கிறது என்பதே அதன் பொருள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று அறிக. அளவு குறைந்திருந்து, வழியில் வேறு எண்ணெய் கிடைக்காவிடில், அதே குறிகளுள்ள மினரல் எண்ணெயைச் சிந்தெடிக்கோடு சேர்த்து ஊற்றலாம்; தீங்கில்லை. எண்ணெயின்றி ஓட்டுவதே பெருந்தீங்கு.

இறுதியாக ஒன்று. மொழி பழகாத ஊரில் பட்டறைக்குச் சென்று நம் தேவையை எடுத்துரைப்பது எளிதன்று. அக்கூச்சத்தினாலேயே மிஸ்திரி ஊற்றியதை ஏற்றுக்கொண்டு வரும் அன்பர்கள் பலர். ஆனால் நாம் மேலே கூறிய குறிகளுக்கு மொழி வேற்றுமை கிடையாது. கௌகாத்தியில் விற்கும் புட்டியிலும், ஆமதாபாத்தில் விற்கும் புட்டியிலும் அவை ஒரே எழுத்தில், ஒரே எண்ணில் அச்சிடப்பட்டுள்ளன. ஆகவே இன்றே கையேட்டைத் திறந்து, பாகுத்தன்மை எண், ஏ.பி.ஐ. தரம், ஜாஸோ குறி, ஊற்ற வேண்டிய அளவு ஆகிய நான்கையும் ஒரு சிறு காகிதத்தில், கையேட்டில் உள்ளவாறே எழுதி, வண்டியின் பதிவுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்பொழுது அக்காகிதத்தை எடுத்துக் காட்டினால் போதும். வேண்டியது இன்னது என்பது எந்த ஊர் மிஸ்திரிக்கும் விளங்கிவிடும்.